தேங்காய் பன் அளவில் ஒரு ரிசீவர்

சின்னாத்தாள் தானாகப் போய் யாரிடமும் பேச்சுக் கொடுக்கிறவள் அல்ல. கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் தூணை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் தேடும். மளிகைக் கடையில் சீரகம் கேட்டதற்குச் சோம்பு கட்டிக் கொடுத்தால், மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு, அன்றைக்குச் சோம்பு போட்டே சமைத்துவிடுவாள். எட்டாவதோடு படிப்பு நின்று, கிணத்துக்கடவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் பொள்ளாச்சி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற தோட்டங்களில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பது அவளுக்கு அத்துப்படி. எல்லாம் ஒரு குச்சியால் வந்தது.

அவள் கணவர் கதிர்வேல் தனியார் சர்வேயர். அரசாங்க உத்தியோகம் அல்ல. நிலம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், கம்பி வேலி போடுகிறவர்கள், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறவர்கள் கூப்பிட்டால் போய் அளந்து வரைந்து கொடுப்பார். முக்காலியின் மேல் அளவுக் கருவியை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்ப்பார். தூரத்தில், எல்லைக் கல்லின் தலைமேல், உச்சியில் கண்ணாடி வைத்த குச்சியை ஒருவர் செங்குத்தாகப் பிடித்து நிற்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் கருவி தூரம் சொல்லும்.

குச்சி பிடித்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். வேலை ஒத்துக்கொண்டாயிற்று, இரு தரப்பும் காட்டில், அந்தப் பக்கம் விளைநிலம் எல்லாமே காடுதான், வந்து காத்திருக்கிறார்கள். கதிர்வேல் வாசலில் நின்று, "அம்மிணி, சும்மா நிக்கறதுதான். ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ" என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். அன்று முதல் குச்சி அவள் கையில்தான்.

கூச்சக்காரிக்கு அதைவிடத் தோதான வேலை அமையாது. குச்சி பிடிப்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. குச்சியில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ஊரைப் பார்க்கலாம். எதிரே பங்காளிகள் சண்டை போடுவார்கள், மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் சிரிப்பாள், வாழைத்தாரைக் குரங்கு இழுக்கும். எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, கணவரின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அவர் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரங்கட்டின நாளெல்லாம் உண்டு.

இந்த வருஷம் ஆடி முடிந்த கையோடு பழைய கருவி படுத்துவிட்டது. ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில், "இதுக்கு இனி சாமான் வராதுங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். கதிர்வேலுக்கு முழங்காலும் அதே சமயத்தில்தான் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. இப்போதெல்லாம் எல்லாரும் சாட்டிலைட் ரிசீவர் வாங்குகிறார்கள், நாமும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அக்ஷயா போனில் துள்ளிக் குதித்தாள்.

"சூப்பருங்கப்பா! அதுக்கு ஒரே ஆளு போதுமாம், நான் வீடியோ பாத்தேன். அம்மா இனி வெயில்ல அலைய வேண்டாம். அம்மா, நீ ஜாலியா ஊட்ல ரெஸ்ட் எடு!"

"ம்" என்றாள் சின்னாத்தாள்.

பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பால்காரர் சொன்னார், கோயிலில் பூக் கட்டுகிறவள்கூடச் சொன்னாள். "உனக்கென்னக்கா, இனி ராணி மாதிரி ஊட்ல இருக்கலாம்." வீட்டில் ராணி மாதிரி இருந்து என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. சுவரையும் டிவியையும் எவ்வளவு நேரம் பார்ப்பது? தன்னை விட்டுவிட்டு மொபெட் போவதை ஒருநாள் கற்பனை செய்து பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எல்லாரும் நல்லதென்று சொல்கிற ஒன்றை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சிங்காநல்லூரில் ஷாநவாஸ் என்பவர் அளவுக் கருவிகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். கதிர்வேலுக்கு நெடுநாள் பழக்கம். கடைக்குக் கிளம்பும்போது, "நீயும் வாரியா?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

"வாங்ணா, வாங்கக்கா. உக்காருங்க" என்று ஷாநவாஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேசைமேல் இரண்டு ரிசீவர்களை எடுத்து வைத்தார். ஒன்று பால் வாங்கும் தூக்குப்போசி அளவில், கனத்துக் கிடந்தது. மற்றது பேக்கரியில் விற்கிற தேங்காய் பன் அளவு.

"ரெண்டும் வேலை ஒண்ணுதானுங்ணா. மேல சுத்துற சாட்டிலைட்டுக கிட்ட இருந்து சிக்னல் புடிக்கும். போன்ல இருக்கற ஜிபிஎஸ்ஸும் அதைத்தான் பண்ணுது, ஆனா அது நாலு தப்படி அக்கட்டால இக்கட்டால காட்டும். இது தரையில இருக்கற ஸ்டேஷன்ல இருந்து சிம் கார்டு வழியா திருத்தம் வாங்கிக்குது. ஒரு வெரக்கடைக்குள்ள நிக்கும்."

கதிர்வேல் பெரியதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது மிசினுங்க. வெயிட்டு சொல்லுதே."

"அது பழைய மாடலுங்ணா. பேட்டரி பொழுதுக்கும் தாங்கும், மரத்தடியில சீக்கிரமா புடிக்கும். சின்னது புது மாடல். பேட்டரி மத்தியானம் மாத்தோணும். ஆனா குச்சி சாஞ்சிருந்தாலும் அதுவே கணக்குப் போட்டு முனை எங்க இருக்குதுன்னு சொல்லிரும்."

"சாய்ச்சுப் புடிச்சு அளக்கறதா? எந்த ஊருல?" என்று கதிர்வேல் சிரித்தார். "ஷாநவாஸு, நம்ம காட்டுக்காரங்க மிசினைப் பாத்துத்தான் சர்வேயரை நம்புவாங்க. இந்தப் பன்னைக் குச்சியில சொருகிட்டுப் போய் நின்னா, டீயில தொட்டுத் திங்கலாமான்னு கேப்பாங்க."

சின்னாத்தாள் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கதிர்வேல் திரும்பியிருந்த நேரத்தில் பெரியதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கழுத்து நரம்பு வரை இழுத்தது. சின்னதை எடுத்தாள். எடுத்ததாகவே தெரியவில்லை.

எதுவானாலும் தென்னந்தோப்பில் போட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று கதிர்வேல் சொல்லிவிட்டார். கடை மொட்டைமாடியில் எல்லா ரிசீவரும் சிக்னல் பிடித்துத் திரையில் பச்சை காட்டும். தென்னை மட்டை வானத்தை மறைக்கிற இடத்தில் எது நிற்கிறது என்பதுதானே கேள்வி. ஷாநவாஸும் நியாயம்தான் என்று, மறுநாள் காலையில் இரண்டையும் காரில் போட்டுக்கொண்டு கிணத்துக்கடவுக்கு வந்து சேர்ந்தார்.

லட்சுமிநாராயணன் என்பவரின் தென்னந்தோட்டத்தில் வேலை இருந்தது. அவர் கம்பி வேலி போட வேண்டும். ஆனால் அடுத்த தோட்டத்து முத்தாத்தாள், வேலி தன் பக்கம் வந்துவிடும் என்று சந்தேகப்பட்டார். தை மாசத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அன்றைக்கு இருவரும் வந்திருந்தார்கள். இடையில் ஒரு தென்னை மரத்தை விட்டு, ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள்.

"ஏனுங் சர்வேயரே, ஒரு வாய் மோர் குடிச்சுப்போட்டு ஆரம்பிக்கலாமுங்க" என்றார் லட்சுமிநாராயணன்.

"எங்கூட்ல எளநியே வெட்டி வெச்சிருக்குதுங்க" என்றார் முத்தாத்தாள், தென்னை மரத்தைப் பார்த்து.

கதிர்வேல் இரண்டு பக்கமும் கும்பிடு போட்டார். "அளந்து முடியட்டுங்க." அது அவர் தொழில் வழக்கம். கல்லை அளந்து முடிக்கும்வரை எந்தத் தரப்பிலும் பச்சைத் தண்ணீர் வாங்கமாட்டார். ஒருவர் வீட்டு மோரைக் குடித்தால் அடுத்தவர் கண்ணுக்குக் கல் நகர்ந்த மாதிரியே தெரியும். அதற்காகத்தான் சின்னாத்தாள் எப்போதும் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வருவாள்.

வேலை ஆரம்பித்தது. ஷாநவாஸ் பெரிய ரிசீவரைக் குச்சியின் தலையில் மாட்டி, போன் மாதிரி இருந்த திரையைக் குச்சியின் இடுப்பில் பொருத்தினார். சின்னாத்தாள் எப்போதும்போல் குச்சியை வாங்கிக்கொண்டு முதல் கல்லுக்கு நடந்தாள். கல்லின் மேல் ஊன்றினாள். குமிழியை நடுவில் நிறுத்தினாள். கணவர் "ஆச்சு" என்று கை காட்டுகிறாரா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

வேப்ப மரத்தடியில் கதிர்வேல் முக்காலியை விரித்து, மூன்று காலையும் மண்ணில் மிதித்து இறக்கி, அதன் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்காலியின் மேல் ஒன்றுமே இல்லை.

"கொஞ்சம் சோத்துக்கைப் பக்கம்!" என்று கையை வேறு ஆட்டினார்.

ஷாநவாஸ் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணா... அந்த முக்காலி எதுக்குங்ணா?"

கதிர்வேல் நிமிர்ந்தார். வெறும் முக்காலியைப் பார்த்தார். குனிந்து, தன் பெரிய கருவி எங்கே போயிற்று என்பதுபோல் தரையையும் ஒருமுறை பார்த்தார். லட்சுமிநாராயணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முத்தாத்தாள் பொத்தவில்லை. "வெறும் முக்காலியிலயே அளக்கறாருங்க, கெட்டிக்காரரு!" என்று கலகலவென்று சிரித்தார்.

"கை பழக்கமுங்க, கை பழக்கம்" என்று கதிர்வேலும் சிரித்தார். காது மடல் சிவந்துபோயிற்று. நேராக நடந்துவந்து மனைவியிடம் கையை நீட்டினார். "கொடு அம்மிணி. இனி நாந்தான் கொண்டுட்டு நடக்கோணும். நீ போய் நெழல்ல உக்காரு."

சின்னாத்தாள் குச்சியைக் கொடுத்தாள். நிழலுக்குப் போனாள். உட்காரத் தோன்றவில்லை. இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் சொன்ன ராணி வாழ்க்கை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கதிர்வேல் முதல் கல்லை முடித்தார். வாய்க்காலைத் தாண்டி இரண்டாவது கல்லுக்கு ஏறினார். பெரிய ரிசீவர் குச்சியின் தலையில் இருந்துகொண்டு அவரை ஒரு பக்கமாக இழுத்தது. மரங்கள் நெருங்கி நின்ற இடத்தில் அது சட்டென்று பச்சை காட்டியது. "பாத்தீங்களா! இது மிசினு!" என்று அங்கிருந்தே கத்தினார். மூன்றாவது கல்லுக்குப் போகிற வழியில் வரப்பு ஏறி இறங்க வேண்டும். போனவர் வெகு நேரம் வரவில்லை. சின்னாத்தாள் எட்டிப் பார்த்தாள். கிணற்று மேட்டில் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால் வலிங்களா?" என்றாள் அருகில் போய்.

"வலியெல்லாம் இல்ல. சும்மா காத்து நல்லாருக்குதுன்னு உக்காந்தேன்."

ஒரு மட்டைகூட அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒரே ஆள் போதும் என்கிறார்கள், சரி. மிச்சம் இருக்கிற வேலை எது? முக்காலிக்குப் பின்னால் நிற்கிற வேலை அல்ல, அது போய்விட்டது. குச்சியைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குக் கல் நடக்கிற வேலைதான் மிச்சம். அது தன்னுடைய வேலையாயிற்றே! இத்தனை பேர் இத்தனை நாளாக வீட்டில் இருக்கச் சொன்னது தன்னையா, அவரையா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவரின் முழங்காலைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சின்னதை நான் கொண்டுட்டுப் போய்ப் பாக்கட்டுங்களா?" என்று ஷாநவாஸிடம் கேட்டாள். அவளாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஷாநவாஸ் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல், எந்த இடத்தைத் தொட வேண்டும், பச்சை வருமுன் தொடக்கூடாது, மஞ்சளாக இருந்தால் கணக்கு இன்னும் ஆடுகிறது என்று அர்த்தம் என்பதையெல்லாம் காட்டிக் கொடுத்தார். போனில் மகளுக்குப் படம் அனுப்பத் தெரிந்தவளுக்கு அது பெரிய காரியமாக இல்லை.

முதல் கல் பச்சை. வாய்க்காலைத் தாண்டினாள். நெருங்கின மரங்களுக்கு நடுவில் மஞ்சள் காட்டியது; மஞ்சளிலேயே நின்றது. பெரியது இங்கே உடனே பிடித்த இடம். அவள் அவசரப்படவில்லை. அசையாமல் நின்று பழகின உடம்பு. ஒரு அணில் மட்டையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய பிறகு பச்சை வந்தது. தொட்டாள். மூன்றாவது கல் கிளுவை வேலியின் உள்ளே முள்ளுக்கு நடுவில் கிடந்தது. கதிர்வேல் அதைத் தொடாமலேதான் உட்கார்ந்திருந்தார். குச்சியைச் சாய்த்து வேலிக்குள் விட்டு, முனையைக் கல்லின் மேல் வைத்தாள். பச்சை. பழைய கருவியாக இருந்தால் ஆள் விட்டு வேலியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக முதல் கல்லுக்கே திரும்பி வந்து மறுபடி ஒருமுறை அளந்தாள். பழைய கருவியில் அவர்கள் வழக்கமாகச் செய்கிற சோதனை அது. இரண்டு அளவும் ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

சுற்றி முடித்துத் திரும்பினால், வேப்ப மரத்தடியில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. லட்சுமிநாராயணனும் முத்தாத்தாளும் கதிர்வேலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கதிர்வேல் நடுவில் இருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்: ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் அளக்கப் போனபோது, எல்லைக் கல்லைக் காணோம் என்று ஊரே தேட, காட்டுக்காரரின் மாப்பிள்ளை அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கதை. முத்தாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நம்ம கல்லு மேல யாரும் உக்காரலைங்களே?" என்று லட்சுமிநாராயணன் கேட்டார். கேட்டது முத்தாத்தாளை! அவரும் பதில் சொன்னார். "உக்காந்தா முள்ளு குத்துமுங்க, உங்க வேலி அப்புடி."

இத்தனை வருஷமும் கருவியின் பின்னால் கட்டிப்போட்ட மாதிரி நின்றதால் தன் கணவருக்கு இப்படி உட்கார்ந்து பேச நேரமே கிடைத்ததில்லை என்று சின்னாத்தாளுக்கு அப்போது உறைத்தது.

திரையில் இருந்த அளவைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். கம்பி வேலி எவர் பக்கமும் போகாது. கல் கிடந்த இடத்திலேயேதான் கிடந்தது. இருவருக்கும் ஒப்பு. மோரும் வந்தது, இளநீரும் வந்தது. இப்போது இரண்டையும் குடித்தே ஆகவேண்டும், ஒன்றை விட்டால் மறுபடி சண்டை.

"சரிங் ஷாநவாஸ்" என்றார் கதிர்வேல் இளநீரை வைத்துவிட்டு. "பெரிசையே முடிச்சர்லாம். மரத்தடியில அது புடிச்ச புடி என்ன, பன்னு முக்கின முக்கென்ன!"

இப்போது விட்டால் சோம்பு போட்டுச் சமைக்கிற கதைதான். சுற்றிலும் எல்லாரும் இருந்தார்கள். சின்னாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குச் சின்னது போதுங்க."

கதிர்வேல் திரும்பினார். "உனக்கா?"

"நடக்கறது நானுங்களே. பெரிசைத் தூக்கிட்டு நாலு வரப்பு ஏற என்னால ஆகாதுங்க. உங்களாலயும் ஆகாது." குரல் தேய்ந்தது, ஆனால் நிற்கவில்லை. "மரத்தடியில சித்த நேரம் எச்சா நிக்கோணும், அவ்வளவுதானுங்க. நிக்கறதுக்கு எனக்கென்னங்க? பேட்டரி மத்தியானம் மாத்திக்கலாம். வேலிக்குள்ள கெடக்கற கல்லைப் பெரிசு எடுக்கவே இல்லைங்களே."

நாலு பேர் முன்னால் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கதிர்வேல் கேட்டதில்லை. அவர் முழங்காலைத் தடவினார். மரத்தடியில் இன்னும் விரிந்தபடியே நின்ற வெறும் முக்காலியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியதை அவள் மட்டும் பார்த்தாள்.

"அப்ப எனக்கென்ன வேலை?" என்றார் மெதுவாக.

"இப்பப் பண்ணுனீங்களே, அதுதானுங்க. தை மாசத்துல இருந்து பேசாதவங்களைப் பேச வெச்சீங்க. நான் கல்லைப் பாத்துக்கறேன், நீங்க ஆளுகளைப் பாத்துக்குங்க. படம் வரையறதும் நீங்கதான்."

"அதுக்கும் கூலி உண்டுங்க!" என்றார் முத்தாத்தாள். "இவரு பேசலைன்னா நானு இந்த மோரைத் தொட்டிருப்பனா?" அவர் கையில் இருந்தது லட்சுமிநாராயணன் வீட்டு மோர்.

கதிர்வேலின் முகம் அவிழ்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழைய சிரிப்பு மேலே வந்தது. "ஷாநவாஸு, பொட்டியோட ஏதோ இனாம் தர்றதா சொன்னீங்களே, என்னது?"

"தொப்பியும் பேக்கும்ங்ணா."

"தொப்பியை அம்மிணிக்குக் கொடுத்துருங்க. பேக்கு வேண்டாம். எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுத் தாங்க. கை வெச்சதாப் பாத்து."

"நாற்காலி கம்பெனி ஸ்கீமுல இல்லைங்ணா!"

"இல்லைன்னா சேத்துக்குங்க. உக்காந்து பேசற உத்தியோகத்துக்கு நாற்காலி இல்லாம எப்புடி?"

பேரம் வெகு நேரம் நடந்தது. கடைசியில் ஷாநவாஸ் தன் காரின் பின்னால் கிடந்த நாற்காலியையே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு காட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற வேலை. தொப்பியை வெறுந்தலையில் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, தலையில் போட்ட முந்தானைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு சின்னாத்தாள் குச்சியோடு இறங்கினாள். புளிய மரத்தடியில் நாற்காலி விரிந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் குச்சியின் உச்சியில் இருந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்கக்கா, பன்னு மாதிரி இருக்குதே, இது சரியா அளக்குமுங்களா?"

சின்னாத்தாள் வழக்கம்போல் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, அண்ணன் தம்பி இருவரையும் பிடித்துக் கதை ஆரம்பித்திருந்தார். கேட்டவருக்கு அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

"கூட நடந்து வாங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் கல்லை நோக்கி நடந்தாள்.